வெட்டி எடுத்த கட்டி யார் கைக்குப் போகிறது?

மருத்துவமனையில் ஒரு கட்டியை வெட்டி எடுக்கிறார்கள். ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். குடும்பமே கோயில் கோயிலாக ஏறி இறங்கும் அந்த ஒரு வாரமும் அந்தக் கட்டி யார் கையில் இருக்கிறது? நம்மில் பலர் இதைக் கேட்டதே இல்லை.

முடிவைச் சொல்பவர் நோய்க்கூறியல் நிபுணர். ஆனால், அதற்கு முன் கட்டியை அளந்து, எடை பார்த்து, எந்த இடத்தில் துண்டெடுப்பது என்று தேர்ந்து வெட்ட வேண்டும். இடம் தவறினால் புற்றுநோய் கண்ணுக்குத் தப்பிவிடும்!

ஆய்வுக்கூடத்துக்கு நம் நாட்டில் நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. 1900-இல் கோலாலம்பூரில் நோய்க்கூறியல் கழகம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே அதற்கு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று பெயர் மாறியது. அதே 1901-இல்தான் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. கூடவே மலேரியாவும் வந்தது. அந்த ஆண்டு கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சலுக்குப் பலியானவர்கள் 368 பேர். மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடியச் செய்தார். 1902-இல் பலி 59 ஆகக் குறைந்தது.

ரப்பர் தோட்டங்களில் நம்மவர்களை மலேரியா அவ்வளவு எளிதில் விடவில்லை. அங்கே பெரிய டாக்டர் எப்போதாவது வருவார். நாள்தோறும் இருந்தவர் டிரஸர்தான். 1940-41-இல் இதே கழகத்தின் ஜே. டபிள்யூ. ஃபீல்டு, கண்ணாடித் தகட்டிலுள்ள இரத்தத்துக்குச் சில விநாடிகளில் ஏறும் சாயமுறையைக் கண்டுபிடித்தார். பழகிய கையும் கண்ணும் இருந்தால் போதும், மருத்துவப் பட்டம் இல்லாதவரும் தகட்டைப் பார்த்துக் கிருமியைக் கண்டுகொள்ளலாம் என்றானது. இன்றும் உலகெங்கும் அது 'ஃபீல்டு சாயம்'தான். கோலாலம்பூரில் பிறந்த சாயம் என்பது நம் பிள்ளைகளுக்கே தெரியாது! ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர்களுக்கான பயிற்சிப் பள்ளியும் பின்னாளில் அந்தக் கழகத்தில் இயங்கியது.

அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே போனது. டியூக் பல்கலைக்கழகம் 1965-இல், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்தவர்களைக் கொண்டு மருத்துவர் உதவியாளர் படிப்பைத் தொடங்கியது. நம் டிரஸர்களுக்கு அவர்களைத் தூரத்து உறவு எனலாம். 1969-இல் அங்கேயே தாமஸ் கின்னி, நோய்க்கூறியல் நிபுணரின் உதவியாளருக்கென்று தனிப் படிப்பை ஏற்படுத்தினார். இன்று அது ஏறத்தாழ இரண்டாண்டு முதுகலைப் படிப்பு. உறுப்புகளை வெட்டி ஆராய்வது, அறுவை நடக்கும்போதே திசுவை உறையவைத்துத் துண்டெடுத்துக் கொடுப்பது, பிரேதப் பரிசோதனை எல்லாம் கற்றுத் தருகிறார்கள். நோய் இன்னதென்று அறிவிக்கும் அதிகாரம் மட்டும் நிபுணருடையது.

இந்தப் பெயரில் படிப்பு பெரும்பாலும் வட அமெரிக்காவோடு நிற்கிறது. நம் பிள்ளைகளுக்கு நெருங்கிய வாசல், மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்ப டிப்ளோமா. எஸ்.பி.எம். அறிவியல் பாடங்களில் நல்ல தேர்ச்சி வேண்டும், படிப்பு மூன்றாண்டு. வெள்ளைக் கோட்டு என்றாலே டாக்டர்தான் என்று எண்ணி, வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோர் இந்த வாசலை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இந்தத் தொழிலுக்குச் சட்டப் பாதுகாப்பும் வந்துவிட்டது. 2016-இல் நிறைவேறி 2020-இல் நடப்புக்கு வந்த துணைச் சுகாதாரத் தொழிலர் சட்டத்தின்படி, ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டே வேலை செய்ய வேண்டும்.