களையை வென்ற சோளம்

1984ஆம் ஆண்டை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். எத்தியோப்பியாவின் பஞ்சக் காட்சிகள் உலகையே உலுக்கிய ஆண்டு அது. எலும்பும் தோலுமாய்க் கிடந்த குழந்தைகளைக் கண்டு நாம் இரங்கினோம். ஆனால் அப்பசிக்கு விடை தேடும் அறிவும் அம்மண்ணிலேயே பிறந்திருந்தது என்பதை எண்ணிப் பார்த்தோமா? ஆப்பிரிக்கர் கையேந்துவோர் என்ற நினைப்பு நம்முள் அவ்வளவு ஆழமாய்ப் பதிந்துவிட்டது.

கெபிசா எஜெட்டா 1950இல் எத்தியோப்பியாவின் வொலன்கோமி என்னும் சிற்றூரில், ஓரறைக் கூரைக் குடிசையில் பிறந்தவர். மகன் படித்தே ஆகவேண்டும் என்பதில் தாய் உறுதியாய் நின்றார். பள்ளியோ இருபது கிலோமீட்டருக்கு அப்பால். சிறுவன் ஞாயிறன்று நடந்து போவான். வாரமெல்லாம் அங்கே தங்கிப் படித்து, வெள்ளியன்று நடந்தே திரும்புவான். ஜிம்மா வேளாண் பள்ளி, அலெமாயா கல்லூரி, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் என அந்த நடை நீண்டது.

ஹைதராபாத்துக்கு அருகே பட்டஞ்செருவில் தலைமையகம் கொண்ட இக்ரிசாட் ஆய்வு நிறுவனத்தின் சார்பில், 1979இல் அவர் சூடானுக்குச் சென்றார். அங்கே சோளமே ஏழையின் உணவு. வறட்சியைத் தாங்கி மிகுதியாய் விளையும் வீரியச் சோளம் ஒன்றை உருவாக்கினார். 1983இல் வெளியான அதன் பெயர் ஹகீன் துரா-1. கலப்பினச் சோளம் என்பதே அந்த அரபுச் சொற்களின் பொருள்.

ஆயினும் வீரிய விதையில் ஓர் இடர் உண்டு. அறுவடையில் எடுத்துவைத்த மணியை மறுபருவம் விதைத்தால் பழைய வீரியம் இராது. ஆண்டுதோறும் புது விதை வேண்டும். எனவே சூடானிய உழவர் கூட்டுறவுகளே விதை உற்பத்தி செய்யுமாறு எஜெட்டா துணைநின்றார். புகழுரைகளில் இது ஒரு வரியில் கடந்துபோகும். நமக்கோ இதுவே பெரிதாகத் தோன்றுகிறது. விதை கிடைக்காத உழவனுக்கு ஆய்வுக்கூடத்து வெற்றியால் ஆவதென்ன? 1999க்குள் இச்சோளம் சுமார் பத்து இலட்சம் ஏக்கரில் அறுவடையாகியிருந்தது.

வறட்சியினும் கொடிய பகை ஒன்று மண்ணுக்குள் இருந்தது. ஸ்ட்ரைகா என்னும் ஒட்டுண்ணிக் களை அது. நம் கரும்புத் தோட்டங்களில் சுடுமல்லி என்பது இதன் இனமே. ஆங்கிலேயர் இதைச் சூனியக்காரியின் களை என்பர். காரணம் உண்டு. களை தலைகாட்டும் முன்பே பயிர் வாடத் தொடங்கும். தூசி போன்ற இதன் விதைகள் மண்ணில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும். சோளத்தின் வேர் கசியவிடும் ஒருவகை வேதிப்பொருள் எட்டினால் மட்டுமே விழித்து முளைக்கும். வேரைப் பற்றி உயிர்ச்சத்தை உறிஞ்சும். தன் பகைவனைத் தானே எழுப்பிவிடுகிறது பயிர்!

பர்டியூவில் பேராசிரியரான எஜெட்டாவும் உயிர்வேதியியலாளர் லாரி பட்லரும் இந்த இடத்தில்தான் ஆய்வைத் தொடங்கினர். வயலில் களையின் தாக்குதல் பருவத்துக்குப் பருவம் மாறும். அங்கே சோதித்தால் எது தாங்கும் பயிர், எது தற்செயலாய்த் தப்பிய பயிர் என்று அறிவது கடினம். ஆகவே, கூழ் போன்ற அகரில் களை விதைகளை இட்டு, அதில் சோள நாற்றை வளர்த்தனர். வேரிலிருந்து எவ்வளவு தொலைவுவரை களை முளைக்கிறது என்று அளந்தனர். சில சோள வகைகளின் அருகில் களை விதை ஏறத்தாழ உறக்கம் கலையாமலே கிடந்தது. அவை அந்தத் தூண்டுபொருளை மிகக் குறைவாகவே கசியவிட்டன. அப்பண்பை நல்ல விளைச்சல் தரும் வகைகளுக்குள் கொண்டுவந்தனர்.

1994இல் எட்டு டன் விதை பன்னிரண்டு ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்றது. எத்தியோப்பியாவில் கொபியே, அப்ஷிர் என்னும் பெயர்களில் இவ்வகைகள் வெளியிடப்பட்டன. 2009இல் உலக உணவுப் பரிசு எஜெட்டாவுக்கு வழங்கப்பட்டது.

அதற்குள் அவர் தாய்நாட்டு வயல்களுக்குத் திரும்பியிருந்தார். விதை மட்டும் களையை வெல்லாது என்று கண்டவர், 2002இலும் 2003இலும் அங்கே விதையோடு உரமிடுதலையும் நீர் காத்தலையும் ஒருசேரப் பரப்பும் பணியில் ஈடுபட்டார். சோள வரிசைகளின் இடையே குறுக்குக் கரைகள் எழுந்தன. பெய்த சிறுமழை ஓடிவிடாமல் அவற்றுள் தங்கிற்று.