நிறுவனக் கொள்கைகளும் செயல்முறைகளும் எழுதுதல்

ஒரு நிறுவனத்தில் எவற்றைச் செய்யலாம், எவற்றைச் செய்யக் கூடாது, ஒரு பணியை யார், எப்பொழுது, எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும் என்பவற்றை எழுத்தில் வரையறுப்பது நிறுவனக் கொள்கைகளும் செயல்முறைகளும் எழுதுதல் எனப்படுகிறது. அலுவலகப் பேச்சில் பாலிசி, புரொசீஜர், எஸ்.ஓ.பி என்னும் சொற்களே பெரிதும் வழங்குகின்றன. விடுப்பு, கொள்முதல், பண வழங்கல், தகவல் பாதுகாப்பு, இயந்திரப் பராமரிப்பு, வாடிக்கையாளர் முறையீடு முதலிய துறைகளில் இத்தகைய ஆவணங்கள் காணப்படுகின்றன. பணியைச் செய்பவர், பணி நடக்கும் வேளையில் அதைப் பார்த்துச் செயற்பட இயல்கிறதா என்பதே இவ்வாவணத்தின் தரத்தை அறியும் முதன்மையான அளவுகோலாகும். பல நிறுவனங்களில் இவை தணிக்கையாளருக்குக் காட்டுவதற்காக எழுதப்பட்டு, அலமாரியிலோ கணினிக் கோப்புறையிலோ தங்கிவிடுகின்றன.

கொள்கையும் செயல்முறையும்

கொள்கை என்பது நிறுவனம் எடுத்த முடிவு. செயல்முறை என்பது அம்முடிவை நிறைவேற்றும் படிகளின் தொடர். எடுத்துக்காட்டாக, "5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கொள்முதலுக்குக் குறைந்தது மூன்று விலைப்புள்ளிகள் பெற வேண்டும்" என்பது ஒரு கொள்கை. விலைப்புள்ளி கோரும் கடிதத்தை யார் அனுப்புவது, உறைகளை எவர் முன்னிலையில் திறப்பது, ஒப்பீட்டுப் பட்டியலை எங்கே சேமிப்பது, இரண்டு விலைப்புள்ளிகளே வந்தால் என்ன செய்வது என்பவை செயல்முறைக்கு உரியவை.

இவ்விரண்டையும் ஒரே ஆவணத்தில் கலந்து எழுதுவது பரவலாகக் காணப்படும் குறையாகும். கொள்கை பொதுவாக இயக்குநர் குழுவின் ஒப்புதலைப் பெற்றது, ஆண்டுக்கணக்கில் மாறாதது. செயல்முறையோ புதிய மென்பொருள் ஒன்று வந்தாலே மாறக்கூடியது. இரண்டும் கலந்திருந்தால், ஒரு படிவத்தின் பெயர் மாறினாலும் இயக்குநர் குழுவிடம் செல்ல நேரிடும். அது தொல்லை என்பதால் ஆவணம் திருத்தப்படாமலே விடப்படும். சில ஆண்டுகளில் ஆவணத்தில் உள்ள பணி வேறாகவும், நடக்கும் பணி வேறாகவும் ஆகிவிடும்.

எழுதப்படாததன் விளைவு: நைட் கேப்பிட்டல்

நைட் கேப்பிட்டல் ஐக்கிய அமெரிக்காவின் பெரிய பங்கு வணிக நிறுவனங்களுள் ஒன்றாக இருந்தது. நியூயார்க் பங்குச் சந்தை 2012 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கவிருந்த புதிய திட்டம் ஒன்றில் பங்குபெறுவதற்காக, இந்நிறுவனம் சந்தைக்கு ஆணைகளை அனுப்பும் தன் மென்பொருளை மாற்றியமைத்தது. புதிய நிரல் 8 வழங்கிக் கணினிகளில் நிறுவப்பட வேண்டியிருந்தது. நிறுவியவர் ஒரு வழங்கியை விட்டுவிட்டார். அதில் 2003 முதல் பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய நிரற்பகுதி நீக்கப்படாமல் இருந்தது. அப்பழைய பகுதியை இயக்குவதற்கு முன்னர் பயன்பட்ட அடையாளக் குறியையே புதிய வசதிக்கும் பயன்படுத்தியிருந்தனர். எனவே சந்தை திறந்ததும், எட்டாவது வழங்கி பழைய நிரலை இயக்கி, பங்குகளை இடைவிடாது வாங்கவும் விற்கவும் தொடங்கியது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் 154 நிறுவனப் பங்குகளில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நிகழ்ந்தன. இழப்பு 46 கோடி டாலருக்கும் அதிகம்.

ஐக்கிய அமெரிக்கப் பிணையங்கள், பரிவர்த்தனை ஆணையம் 2013 அக்டோபரில் வெளியிட்ட ஆணை, கொள்கை எழுதுவோர் படிக்க வேண்டிய ஒன்றாகும். நிரலை நிறுவிய பின் இரண்டாமவர் ஒருவர் அதைச் சரிபார்க்க வேண்டும் என்னும் எழுத்துவடிவச் செயல்முறை நிறுவனத்தில் இல்லை என அது குறிப்பிடுகிறது. அன்று காலை சந்தை திறப்பதற்கு முன்பே, பிழையைச் சுட்டும் 97 தானியங்கி மின்னஞ்சல்கள் பணியாளர் குழு ஒன்றுக்கு வந்திருந்தன. அவை எச்சரிக்கைகளாகக் கருதப்பட வேண்டும் என்றோ, இன்னார் அவற்றைப் படிக்க வேண்டும் என்றோ எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. சிக்கல் தொடங்கிய பின்னரும், எதை முதலில் நிறுத்துவது என்பதற்கு வழிகாட்டல் இல்லை. குழுவினர் சரியாக நிறுவப்பட்டிருந்த 7 வழங்கிகளிலிருந்து புதிய நிரலை நீக்கினர். அதனால் அவையும் பழைய நிரலை இயக்கத் தொடங்கி நிலைமை மோசமடைந்தது. ஆணையம் 1.2 கோடி டாலர் தண்டம் விதித்தது. அதற்குள், 2013 ஜூலையிலேயே, நிறுவனம் கெட்கோ நிறுவனத்துடன் இணைந்து தன் தனித்தன்மையை இழந்திருந்தது.

திறமையான பொறியாளர்கள் பணியாற்றிய இடத்திலேயே இது நிகழ்ந்தது. "எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் தெரியும்" என்பது எழுதாமல் விடுவதற்கு வழக்கமாகக் கூறப்படும் காரணம். தெரிந்தவரும் ஒரு நாள் எட்டில் ஒன்றை மறக்கக்கூடும் என்பதற்காகவே சரிபார்ப்புப் படி எழுதப்படுகிறது.

எழுதியும் பயனின்மை: பைப்பர் ஆல்ஃபா

இதற்கு நேர்மாறானது பைப்பர் ஆல்ஃபா விபத்து. வட கடலில் ஆக்சிடென்டல் நிறுவனம் இயக்கிய இவ்வெண்ணெய் மேடை 1988 ஜூலை 6 இரவு வெடித்து எரிந்ததில் 167 பேர் இறந்தனர். இங்கே செயல்முறை இல்லாமல் இல்லை. பராமரிப்புப் பணி எதுவாயினும் அதற்குப் பணி அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்னும் முறை எழுத்தில் இருந்தது.

அன்று பம்பு ஒன்று பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அதன் பாதுகாப்பு வால்வு சோதனைக்காகக் கழற்றப்பட்டு, குழாயின் வாய் ஒரு தட்டினால் தற்காலிகமாக மூடப்பட்டிருந்தது. பம்புக்கு ஒரு சீட்டு, வால்வுக்கு வேறொரு சீட்டு. ஒன்றைக் காண்பவருக்கு மற்றொன்று உண்டு என்பது தெரிய வழியில்லை. இரவில் இயங்கிக்கொண்டிருந்த மற்றொரு பம்பு நின்றுவிடவே, இரவு முறைப் பணியாளர்கள் நிறுத்தப்பட்டிருந்த பம்பை இயக்க முற்பட்டனர். வால்வு கழற்றப்பட்ட செய்தி பணிமுறை மாறும்போது அவர்களிடம் ஒப்படைக்கப்படவில்லை. தட்டின் இடுக்கு வழியே கசிந்த வளிமம் தீப்பற்றியது.

விசாரணை நடத்திய கல்லன் பிரபுவின் அறிக்கை 1990 இல் வெளியானது. அனுமதிச் சீட்டு முறை எழுதப்பட்டவாறு பின்பற்றப்படவில்லை என்பதும், விலகல்கள் அன்றாட வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தன என்பதும் அதில் வெளிப்பட்டன. அறிக்கையின் 106 பரிந்துரைகளும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. செயல்முறையை எழுதுபவர் இதிலிருந்து அறியக்கூடிய செய்தி ஒன்று உண்டு: ஒரு பணி ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறும் இடத்திலேயே பிழைகள் நுழைகின்றன. ஆவணங்களோ பெரும்பாலும் ஒரு பிரிவுக்குள் நடப்பதை விரிவாக எழுதிவிட்டு, இரு பிரிவுகளுக்கு இடைப்பட்டதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

எழுதும் முறை

பணியை மேற்பார்வையிடுபவர் கூறுவதைக் கொண்டு செயல்முறை எழுதினால், பணி நடக்க வேண்டிய விதம் கிடைக்கும். நடக்கும் விதம் கிடைக்காது. எனவே எழுதுபவர் பணியிடத்திற்குச் சென்று, பணியாளர் செய்வதைத் தொடக்கம் முதல் முடிவு வரை கண்டு குறித்துக்கொள்வது நல்லது. குறுக்குவழிகளைக் காண நேர்ந்தால் அவற்றின் காரணத்தைக் கேட்டறிய வேண்டும். சிலவேளைகளில் குறுக்குவழியே சிறந்த வழியாக இருப்பதுண்டு.

வரைவு முடிந்ததும், அப்பணியை அறியாத ஒருவரிடம் ஆவணத்தைக் கொடுத்து, விளக்கம் எதுவும் கூறாமல் செய்யச் சொல்லிப் பார்ப்பது எளிய சோதனையாகும். அவர் தயங்கி நிற்கும் ஒவ்வோர் இடமும் திருத்த வேண்டிய இடம்.

விதிவிலக்குக்கு இடமளிக்காத கொள்கை மறைவாக மீறப்படும். ஆகையால் விலக்கு அளிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு, அது எங்கே பதிவு செய்யப்படும், எத்தனை நாட்களுக்குச் செல்லும் என்பவை கொள்கையிலேயே இடம்பெற வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதுவதும் பயனுடையது. காரணம் அறிந்தவர், ஆவணம் எதிர்பாராத சூழலிலும் தக்கவாறு முடிவெடுப்பார்.

அவசர வேளையில் பார்க்க வேண்டியவை ஒரு பக்கத்துக்குள் சரிபார்ப்புப் பட்டியலாக அமைவது வழக்கம். 1935 அக்டோபர் 30 அன்று போயிங் 299 வானூர்தி, கட்டுப்பாட்டுப் பரப்புகளின் பூட்டு விடுவிக்கப்படாமல் புறப்பட்டு விழுந்ததைத் தொடர்ந்தே வானோடிகளுக்கான சரிபார்ப்புப் பட்டியல்கள் பரவலாயின.

தமிழில் எழுதும்போது கவனிக்க வேண்டியவை

தமிழ் அலுவலக நடையில் செயப்பாட்டு வினை மிகுதி. "பெறப்படும் பொருட்கள் உரிய காலத்தில் சரிபார்க்கப்பட வேண்டும்" என்னும் தொடரில் செய்பவர் இல்லை, காலம் இல்லை, எதனுடன் ஒப்பிடுவது என்பதும் இல்லை. அதையே, "சரக்கு இறங்கிய அன்றே கிடங்குப் பொறுப்பாளர் அதை எண்ணி, கொள்முதல் ஆணையுடன் ஒப்பிடுவார். குறைவு இருந்தால் டெலிவரி சலானில் அதைக் குறித்து ஓட்டுநரிடம் கையொப்பம் பெறுவார், அன்று மாலை 5 மணிக்குள் கொள்முதல் பிரிவுக்குத் தெரிவிப்பார்" என எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை. உரிய, தக்க, உடனடியாக, இயன்றவரை ஆகிய சொற்கள் வரும் இடமெல்லாம் ஒரு முடிவு எடுக்கப்படாமல் தள்ளிவைக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

"-லாம்" என்னும் விகுதி மற்றொரு சிக்கல். "மேலாளர் விடுப்பை மறுக்கலாம்" என்பது மேலாளருக்கு மறுக்கும் உரிமை உண்டு என்றும், அவர் மறுக்க வாய்ப்புண்டு என்றும் பொருள்படும். உரிமையைக் குறிப்பதாயின் "மறுக்கும் அதிகாரம் உடையவர்" என வெளிப்படையாக எழுதுவதே பாதுகாப்பானது. கலைச்சொற்களைப் பொறுத்தவரை, பணியிடத்தில் வழங்கும் சொல்லையே ஆள வேண்டும். பணியாளர்கள் சலான் என்று அழைப்பதை ஆவணம் வேறு பெயரால் குறித்தால், இரண்டும் ஒன்றுதானா என்னும் ஐயமே மிஞ்சும்.

பேணுதல்

ஒவ்வோர் ஆவணத்திலும் பதிப்பு எண், நடைமுறைக்கு வரும் நாள், பொறுப்பாளர் பதவி, அடுத்த மீளாய்வு நாள் ஆகியன குறிக்கப்படுகின்றன. பொறுப்பாளரைப் பெயரால் குறிக்காமல் பதவியால் குறிப்பதே முறை. பழைய பதிப்பின் ஒளிப்படிகள் சுவரிலும் இழுப்பறையிலும் எஞ்சியிருப்பது பெரும் இடராகும். புதியதை வழங்கும் நாளிலேயே பழையதைத் திரும்பப் பெற வேண்டும்.

1987 இல் முதன்முதலில் வெளியான ஐ.எஸ்.ஓ 9001 தர மேலாண்மைச் சீர்தரத்தின் வரலாறு இவ்வகையில் கருதத்தக்கது. 2008 ஆம் ஆண்டுப் பதிப்பு, தரக் கையேடு ஒன்றையும் ஆறு செயல்முறை ஆவணங்களையும் கட்டாயமாக்கியிருந்தது. 2015 ஆம் ஆண்டுப் பதிப்பில் இக்கட்டாயங்கள் நீங்கின. எந்த அளவுக்கு ஆவணப்படுத்துவது என்பதைப் பெருமளவு நிறுவனமே முடிவு செய்ய விடப்பட்டது.

இந்தியாவில் சட்டத் தேவைகள்

சில கொள்கைகளை எழுதுவது நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. 1946 ஆம் ஆண்டு தொழில் வேலைவாய்ப்பு (நிலையாணைகள்) சட்டம், பணி நேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை முதலியவற்றை நிலையாணைகளாக எழுதி, அரசு அலுவலரின் சான்றுறுதியைப் பெறுமாறு கோரியது. சான்றளிக்கப்பட்ட நிலையாணைகளை ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும், அவர்கள் நுழையும் வாயிலருகே ஒட்டி வைக்க வேண்டும் எனவும் அது விதித்தது. வாசிக்கப்படாத விதியைக் கொண்டு ஒருவரைத் தண்டிக்கலாகாது என்னும் எண்ணம் இதில் அடங்கியுள்ளது. இச்சட்டத்துக்கு மாற்றாக 2020 இல் இயற்றப்பட்ட தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. நிலையாணை விதிகள் அதில் 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட நிறுவனங்களுக்குப் பொருந்துகின்றன. ஒடிசா, பீகார், சார்க்கண்டு மாநிலத் தொழிலாளர் மிகுந்த திருப்பூர் ஆடை ஆலைகளில், தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் ஒட்டப்படும் அறிவிப்பு அங்கு பணிபுரிவோர் பலரைச் சென்றடைவதில்லை.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம் செயல்முறையின் காலக்கெடுக்களையே வரையறுக்கிறது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள இடத்தில் உள்ளகக் குழு அமைக்க வேண்டும். முறையீட்டை மூன்று மாதங்களுக்குள் அளிக்க வேண்டும். விசாரணையை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். உள்ளகக் குழு அமைக்கப்பட்ட ஆணையைப் பலரும் காணும் இடத்தில் வைப்பதும் பணி வழங்குநரின் கடமையாகும்.

விமரிசனங்கள்

ஒவ்வொரு பிழைக்குப் பின்னும் ஒரு விதி சேர்க்கப்பட்டு, எதுவும் நீக்கப்படாததால் ஆவணங்கள் பெருத்துவிடுகின்றன என்பது பரவலான குற்றச்சாட்டு. "படித்துப் புரிந்துகொண்டேன்" என்னும் கட்டத்தில் பணியாளர் கணினியில் குறியிடுவது, படித்ததற்குச் சான்றாகாது. நிறுவனத்தைக் காத்துக்கொள்ளவும், விபத்தின் பழியைக் கடைநிலைப் பணியாளர் மீது சுமத்தவும் மட்டுமே எழுதப்படும் விதிகளும் உள்ளன. நிறைவேற்ற இயலாத விதி என்பது தெரிந்தே எழுதப்பட்டிருப்பின் அது இவ்வகையைச் சேர்ந்தது.

தொழிற்சங்கங்கள் கைக்கொள்ளும் "விதிப்படி வேலை" என்னும் போராட்ட முறை இவ்விடைவெளியையே பயன்படுத்துகிறது. பணியாளர்கள் எழுதப்பட்ட விதிகள் அனைத்தையும் ஓர் எழுத்தும் பிசகாமல் பின்பற்றுவர், உற்பத்தி மந்தமாகும். அவர்கள் நிர்வாகத்தின் ஆவணப்படியே நடப்பதால், அவர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதும் நிர்வாகத்துக்குக் கடினமாகிறது.