கற்படுக்கை முதல் பள்ளிக்கூடம் வரை

மதுரைக்குப் பக்கத்து மாங்குளம் மலையில், குகைத்தளத்துப் பாறையைச் செதுக்கி வழவழப்பாக்கிய படுக்கைகள் இருக்கின்றன. சமணத் துறவிகள் தங்கிய இடம் அது. அங்குள்ள தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு அந்த இடத்தைப் ‘பளிஇய்’ என்கிறது. அதன் காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று கணித்தார் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன். இன்று பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு ஓடுகிற ‘பள்ளி’க்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் இதுவும் ஒன்று.

படுக்கும் இடம் என்பது பள்ளியின் பழம்பொருள்களில் ஒன்று. பள்ளியறை, திருப்பள்ளியெழுச்சி ஆகிய சொற்களில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. துறவியர் படுத்த இடம் அவர்கள் வாழும் இடமாயிற்று. சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு அரசர்கள் விட்ட நிலம் பள்ளிச்சந்தம் எனப்பட்டது. கழுகுமலைச் சமணக் கல்வெட்டுகளில் குரவர் (ஆசிரியர்), குரத்தியர் (பெண் ஆசிரியர்), மாணாக்கர் பெயர்கள் வரிசையாக வருகின்றன. துறவியர் தங்கிய இடத்திலேயே பாடமும் நடந்ததால்தான் பள்ளிக்குக் கல்விக்கூடம் என்ற பொருள் வந்தது என்பது அறிஞர் பலரின் விளக்கம்.

பிற்காலத்தில் ஊர்ப்பிள்ளைகளுக்கு வாய்த்தது திண்ணைப் பள்ளிக்கூடம். மணலைப் பரப்பி, விரலால் ‘அ’னா எழுதிப் பழகிய பிறகே ஏடும் எழுத்தாணியும் கைக்கு வரும். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789இல் எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைக் கைக்கொண்டார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் அவருடைய ஏற்பாடு ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்து வரை போயிற்று.

அந்தத் திண்ணையில் எல்லாருக்கும் இடம் இருந்ததா? சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு விடை சொல்கிறது. மாகாணத்தில் கல்விச்சாலைகள் 12,498, மாணவர்கள் 1,88,650. அவர்களில் பெண்கள் வெறும் 4,540 பேர். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே இல்லை.

கதவு மெல்ல மெல்லத்தான் திறந்தது. ‘போர்டு ஸ்கூல்’ என்று மக்கள் அழைத்த ஜில்லா போர்டு பள்ளி வந்தது. பிறகு 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் வழியே ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்ற பெயர்ப்பலகை ஊர்தோறும் ஏறியது. காமராசர் ஆட்சியில் சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகள் பெருகின. மதிய உணவும் சேர்ந்துகொண்டது. ‘ஆரம்பப் பள்ளி’ தொடக்கப் பள்ளியாக மாறியது. இலங்கைத் தமிழர் ‘பாடசாலை’யை விடாமல் வைத்திருக்கிறார்கள். பலகையில் எப்பெயர் இருந்தாலும் தமிழ்நாட்டுக் கிராமத்தார் வாயில் அது பள்ளிக்கூடம்தான்.

இந்த வரலாற்றின் கடைசி அதிகாரம் தலைமையாசிரியர் அறை பீரோவில் இருக்கிறது. சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர், சேர்ந்த நாள் எல்லாம் பதிவாகியிருக்கும். ஓர் ஊரில் முதல் பெண்பிள்ளை எந்த ஆண்டு வகுப்பில் உட்கார்ந்தாள் என்பதை அதன் பழைய பக்கங்களில் தேடலாம். பள்ளியின் நூற்றாண்டு விழாவுக்குப் பந்தல் போடும் ஊர்க்காரர்களும் முன்னாள் மாணவர்களும், கரையான் அரிப்பதற்குள் அந்தப் பதிவேடுகளைப் படியெடுத்துக் காப்பாற்ற வேண்டும்.