தராசு கூறாதது

உடலின் எடையை அறிவது எளிது. அவ்வெடை எவற்றால் ஆயது என்று அறிவதே அரிது. 2024 ஆகஸ்டில், பாரிஸ் ஒலிம்பிக் மற்போரில் 50 கிலோப் பிரிவின் இறுதிப் போட்டி வரை முன்னேறிய வினேஷ் போகாட், 100 கிராம் மிகுதி என்று விலக்கப்பட்டதை மாணவர்களாகிய நீங்கள் அறிவீர்கள். அந்த 100 கிராம் கொழுப்பா, தசையா, நீரா என்பதைத் தராசு கூறாது.

அக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் முன்னோடி அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கே. 1942இல் அவரும் வெல்ஹாம் என்பவரும் அந்நாட்டுக் கால்பந்து வீரர் 25 பேரை ஆராய்ந்தனர். உயர எடை அட்டவணைப்படி அவர்களுள் 17 பேர் படையில் சேரத் தகாத பருமனர். நீருள் அமிழ்த்தி நிறுத்தபோதோ, மிகுந்திருந்தது பெரும்பாலும் கொழுப்பன்று எனத் தெரிந்தது. கொழுப்பு மிதக்கும், தசையும் எலும்பும் அமிழும். ஆர்க்கிமிடீஸ் கண்ட தத்துவந்தான்.

இதனைக் கணக்காக்கியவர் சைரி. 1961இல் வெளிவந்த அவருடைய வாய்பாடு மிக எளியது: 495ஐ உடலின் அடர்த்தியால் வகுத்து, 450ஐக் கழித்தால் கொழுப்பின் விழுக்காடு கிடைக்கும். அடர்த்தி 1.05 ஆயின் விடை ஏறத்தாழ 21, 1.04 ஆயின் 26. கொழுப்பு நீங்கிய உடலின் அடர்த்தி எவருக்கும் 1.1 என்பதே இதன் அடிப்படை. அவ்வெண்ணுக்கு ஆதாரம் மிகச் சில உடல்களின் பகுப்பாய்வு, அவையும் ஆண்களுடையவை!

இதனால் விளைந்த தீங்கு சிறிதன்று. அளவுக்கு மீறி ஓடி, குறைவாக உண்ணும் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுவிடுவதுண்டு. நாளடைவில் எலும்பு மெலியும். உணவுக் குறைவு, மாதவிலக்கு நிற்றல், எலும்பு நலிவு ஆகிய மூன்றையும் இணைத்து அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் 1992இல் பெயரிட்டனர். எலும்பு மெலிந்தால் உடலின் அடர்த்தி குறையும். வாய்பாடோ அக்குறைவைக் கொழுப்பென்று கொள்ளும். உண்ணாமல் நலிந்தவளை நோக்கி, இன்னும் குறை என்று கணக்கே பணிக்கிறது! அளவை முறை ஒன்று இதனினும் கொடியதாகப் பிழைக்க இயலுமோ என நான் வியப்பதுண்டு.

1974இல் கிளாஸ்கோ நகரில் டர்னினும் வோமர்ஸ்லியும் 209 ஆண்களையும் 272 பெண்களையும் அளந்து, தோல்மடிப்பின் தடிப்பிலிருந்து அடர்த்தியைக் கணிக்கும் வாய்பாடுகளைப் பெண்களுக்கெனத் தனியே அமைத்தனர். எனினும் நீரில் நிறுத்தலையே அவர்கள் உரைகல்லாகக் கொண்டமையின், தாயின் குறை மகளுக்கும் வந்தது. அன்றியும், ஸ்காட்லாந்துப் பெண்ணின் கணக்கு நம் பெண்ணுக்கு அப்படியே பொருந்தாது. ஒரே உயரமும் எடையும் உடையோருள் ஆசியருக்குக் கொழுப்பு மிகுதி என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் எடுத்துக்காட்டியது.

குன்றத்தூரை அடுத்த திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் எந்திர உறுப்பை வெர்னியர் அளவியால் அளப்பவர்க்கு ஒரு வசதி உண்டு: இரும்பு அமுங்குவதில்லை. தோல்மடிப்போ அமுங்கும். பிடித்த இடம் ஒரு விரற்கடை விலகினும், பிடித்த கை மாறினும் எண் மாறும்.

1980களில் எலும்பு நோய்க்கென வந்த இரட்டை ஆற்றல் எக்ஸ் கதிர்க் கருவி, எலும்பைத் தனியே பிரித்துக் காட்டுவதால் பழைய பிழை பெரிதும் நீங்கிற்று. ஆயினும் ஒரு நிறுவனத்தின் கருவி காட்டும் எண்ணை மற்றொன்று காட்டுவதில்லை. அருந்திய நீரும் கணக்கைச் சிறிது மாற்றும்.

ஆகவே பயிற்சிக் கூடங்கள் சிலவற்றில் இன்று விழுக்காட்டையே விட்டுவிட்டனர். ஒரே வீராங்கனையை ஒரே கையால் திங்கள்தோறும் அளந்து, தோல்மடிப்புகளின் கூட்டுத்தொகையை மில்லிமீட்டரிலேயே எழுதி, அவளை அவளோடு மட்டுமே ஒப்பிடுகின்றனர்.