அறுபத்திரண்டரை மார்க்

எங்கள் ஊர்க் கோயிலின் கதையே ஒரு ரேட்டிங் சண்டைதான். சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். ஒருவன் சிவ பக்தன், இன்னொருவன் விஷ்ணு பக்தன். யார் பெரியவர் என்று வாக்குவாதம். கோமதி அம்மன் தவமிருக்க, வலப்பாதி சங்கரனும் இடப்பாதி நாராயணனுமாக இறைவன் காட்சி கொடுக்கிறார். ஆடித் தபசு அன்று அந்தக் காட்சியைப் பார்க்கத்தான் சங்கரன்கோவில் தெருக்களில் அவ்வளவு கூட்டம்.

சின்ன வயதில் எனக்கு இந்தக் கதையின் முடிவு பிடிக்கவே இல்லை. "கடைசீல யாரு ஆச்சி ஜெயிச்சா?" என்று கேட்பேன். "ரெண்டும் ஒண்ணுதாம்லே" என்பாள். எனக்கு அது போதவில்லை. எனக்கு மார்க் வேண்டியிருந்தது.

மார்க் கிடைக்கும் இடம் ஒன்று இருந்தது. சலூனில் கிடக்கும் ஆனந்த விகடன். சினிமா விமர்சனத்தை யாரும் முதல் வரியிலிருந்து படித்து நான் பார்த்ததில்லை. நேராகக் கடைசிக்குப் போய், "நாப்பத்திரண்டு போட்டிருக்கான், படம் தேறும்டே" என்பார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டால் குழம்பிப் போவார். நூற்றுக்கு நாற்பத்திரண்டு எப்படி நல்ல மார்க் ஆகும்? ஆனால் விகடனின் கை எவ்வளவு இறுக்கம் என்று எங்களுக்குத் தெரியும். 1977இல் வந்த '16 வயதினிலே' படத்துக்கு விகடன் போட்டது 62.5. தமிழ் சினிமாவை அடியோடு மாற்றிய படம் என்று இன்றுவரை பேசப்படும் படத்துக்கே அவ்வளவுதான். மறு வருடம் வந்த 'முள்ளும் மலரும்' படத்துக்கு 61. 1987இல் 'நாயகன்' படத்துக்கு 60. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ், அறுபது எடுத்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று வளர்ந்த ஊருக்கு இந்தக் கணக்கு தனியாகச் சொல்லித்தர வேண்டியதாக இருக்கவில்லை.

கேம் உலகத்துக்கு நான் வந்தது பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டர் வழியாக. அங்கே ரிவ்யூ கிடையாது, மார்க் கிடையாது. எந்த சிஸ்டத்துக்குப் பின்னால் அதிகப் பையன்கள் நிற்கிறார்களோ அதுதான் நல்ல கேம். பெரும்பாலும் 'வைஸ் சிட்டி'. கல்லூரிக்குப் போன பிறகு முதல்முறையாக மெட்டாகிரிட்டிக் தளத்தைத் திறந்தேன். ஒரு கேமுக்கு 70 என்று இருந்தது. ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று நினைத்து ரூம்மேட்டிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "எழுபதா? மொக்கையா இருக்கும்டா."

இவன் விகடனுக்கு நேர் எதிரான பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்று அப்போது தோன்றியது. பிறகுதான் அந்தப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றைத் தேடிப் போனேன்.

கேமுக்கு மார்க் போடும் பழக்கம் கடைத்தெருவில் பிறந்தது. 1984இல் இங்கிலாந்தில் 'கிராஷ்' என்ற பத்திரிகை தொடங்கியது. அன்று கேம் கேசட்டில் வந்தது. வாங்குவதற்கு முன் ஆடிப் பார்க்க வழி குறைவு. அட்டைப்படம் ஒன்றாகவும் உள்ளே இருப்பது வேறாகவும் இருக்கும். சேர்த்துவைத்த காசோடு கடைக்குப் போகும் பையனைக் காப்பாற்றத்தான் 'கிராஷ்' கிராஃபிக்ஸுக்கு இவ்வளவு சதவீதம், ஆடும் சுகத்துக்கு இவ்வளவு, கொடுத்த காசுக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டது. 1986இல் ஜப்பானில் வந்த 'ஃபாமிட்சு' வேறு வழி பிடித்தது. நாலு பேர் தனித்தனியாகப் பத்துக்கு மார்க் போடுவார்கள், மொத்தம் நாற்பது. முழு நாற்பதை முதலில் வாங்கிய கேம் 1998இல் வந்த 'செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்'.

இவை எல்லாம் விகடன் மார்க் போலத்தான். யார் போட்டது என்று தெரியும். எந்தக் கேள்விக்கான பதில் என்று தெரியும். அவன் கை இறுக்கமா தாராளமா என்பது நாலு இதழ் படித்தால் பிடிபட்டுவிடும்.

2001இல் மெட்டாகிரிட்டிக் வந்தபோது இது மாறியது. பல பத்திரிகைகளின் மார்க்கை நூறுக்கு மாற்றி, சராசரி எடுத்து, ஒரே எண்ணாகக் காட்டியது. எல்லாப் பத்திரிகைக்கும் ஒரே எடை கிடையாது. எதற்கு எவ்வளவு எடை என்பதையும் வெளியில் சொல்வதில்லை. எண்ணுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் உண்டு. அதில் ஒரு வேடிக்கை: சினிமா என்றால் 61இலேயே பச்சை விழுந்துவிடும். கேம் என்றால் 75 வேண்டும். '16 வயதினிலே' வாங்கிய 62.5ஐ அந்தத் தளத்தில் வைத்துப் பாருங்கள். படமாக இருந்தால் பச்சை. கேமாக இருந்தால் மஞ்சள், சுமார் ரகம். ஒரே எண், ஒரே தளம், இரண்டு தீர்ப்பு. என் ரூம்மேட் சிரித்ததில் தப்பில்லை.

சரி, எண்தானே, என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று கேட்கலாம். 2010இல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' கேமைச் செய்தது ஆப்சிடியன் என்ற நிறுவனம், வெளியிட்டது பெதெஸ்டா. ஆப்சிடியனுக்கு விற்பனையில் பங்கு கிடையாது. பேசிய தொகை உண்டு. மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் மட்டும் போனஸ். வந்தது 84. இதை 2012இல் வெளியே சொன்னவர் அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான கிறிஸ் அவலோன். வெளியான நாட்களில் அந்த கேமில் பிழைகள் மலிந்து கிடந்தன என்பதும் உண்மைதான். அதைச் சொல்லி மார்க் குறைத்த விமர்சகர் வாசகனுக்கு நேர்மையாகத்தான் இருந்திருப்பார். வாங்கலாமா என்று கேட்ட வாசகனுக்கு அவர் சொன்ன பதில், அவருக்கே தெரியாமல் வேறொருவரின் சம்பளக் கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. அநியாயம் என்று நான் சொல்வது அந்த இடமாற்றத்தைத்தான்.

நானும் இதில் யோக்கியன் இல்லை. 2023 ஜூலையில் 'வெண்பா' வந்தது. டொராண்டோவின் விசை கேம்ஸ் செய்தது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. பாதி அழிந்துபோன சமையல் குறிப்பைப் பார்த்து நாம்தான் சமைக்க வேண்டும். ஸ்கோர் எண்பதை ஒட்டி. குறைத்தவர்களில் பலர் சொன்ன காரணம், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்பது. ஸ்டீமில் வாங்கி இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். அதாவது முழுக்க ஆடி முடித்துவிட்டுக்கூடக் கேட்கலாம். நான் அந்த எண்ணைப் பார்த்தேன், விலையைப் பார்த்தேன், வாங்காமல் மூடிவிட்டேன். தமிழ் பேசும் கேமுக்கு ஆசைப்பட்டவன்தான் நான்.

2024இல் அது அறிமுக கேமுக்கான பாஃப்டாவையும், ஐஜிஎஃப் விழாவின் தலைமைப் பரிசையும் வாங்கிய பிறகு வெட்கத்தோடு வாங்கினேன். லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது லேப்டாப்பில் போட்டேன். முதல் சமையல் இட்லி. தட்டை அடுக்க வேண்டும். அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குழிக்கு மேல குழி வந்தா எப்பிடி வேகும்? மாத்தி வையி."

மாற்றி வைத்தேன். சரியாக வந்தது. அதன்பிறகு அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா சொன்னதற்கு எந்த ஸ்கோரிலும் கட்டம் கிடையாது. அதற்காக "சின்ன கேம், விலை அதிகம்" என்று எழுதியவர்களைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு எண்ணி ஆடிய பையனுக்கு நேரமும் காசும்தான் முதல் கேள்வி. 'கிராஷ்' காலத்துக் கேள்வி அது. இன்னும் நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்கு ஒருவர் ஆறு மார்க் போட்டால் அது சரியான ஆறு. அதையும், கதையில் உருகிப் போய் ஒன்பது போட்டவரையும் கூட்டி வகுத்து ஏழரை என்று சொல்லும்போதுதான் இரண்டு பேர் சொன்னதுமே காணாமல் போகிறது.

ஸ்டீமில் வரும் சதவீதம் இன்னொரு வகை. அங்கே 95 என்றால் நூற்றுக்கு 95 தரம் என்று அர்த்தமில்லை. நூறு பேரில் 95 பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள் என்று அர்த்தம். எல்லோருக்கும் பரவாயில்லை என்று பட்ட கேமும் 95 வாங்கலாம். சிலருக்கு உயிராகவும் சிலருக்கு எரிச்சலாகவும் இருக்கும் கேம் 70இல் நின்றுவிடலாம். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அது உதவும். தெரியாமல் பார்த்தால் எழுபதை நான் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று நினைத்த மாதிரிதான்.

அதனால் மார்க்கே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கையில் காசு குறைவாக இருப்பவனுக்கு மார்க் வேண்டும். யார் போட்டார், எந்தக் கேள்விக்குப் போட்டார் என்ற இரண்டும் கூடவே வர வேண்டும், அவ்வளவுதான். சலூனில் "நாப்பத்திரண்டு, தேறும்டே" என்று சொன்னவருக்கு இரண்டும் தெரிந்திருந்தது.

'வெண்பா' முடிந்ததும் ஸ்டீம் என்னிடம் கேட்டது: பரிந்துரைப்பீர்களா, ஆமா, இல்லையா? ஆமா என்று அழுத்திவிட்டு, கீழே எழுதினேன்: சிறிய கேம், தள்ளுபடியில் வாங்கினேன், இட்லித் தட்டு அடுக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆடவும்.