பலகைத் தளத்தின் அடியில் கிடந்த கிதாபுகள்

1884ஆம் ஆண்டு. ஸ்பெயினின் சரகோசா மாகாணத்தில் அல்மொனாசித் தெ லா சியெர்ரா என்னும் சிற்றூரில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். மேல்மாடியின் பலகைத் தளத்துக்கு அடியில் இன்னொரு தளம் இருந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட மறைவான இடத்தில் துணியில் சுற்றிய நூல்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஈரம் அண்டாதிருக்க இடையிடையே உப்புக்கற்களும் வைத்திருந்தார்கள். வேலையாட்களுக்கு அவற்றின் மதிப்பு விளங்கவில்லை. ஊர்ச் சிறுவர்கள் ஏடுகளைக் கிழித்துத் தீமூட்டி விளையாடினார்கள். செய்தி அறிந்த சிலர் விரைந்து காப்பாற்றியவை போக, எஞ்சியவை சாம்பலாயின.

காப்பாற்றப்பட்ட நூல்கள் பெரும்பாலும் அரபு எழுத்தில் இருந்தன. ஆனால் அவற்றுள் பலவற்றின் மொழி அரபு அன்று, ஸ்பானிய மொழி.

அந்நூல்களை மறைத்து வைத்தவர்கள் யார் என்பதை அறிய நானூறு ஆண்டுகளுக்கு முன் செல்ல வேண்டும். 1492 ஜனவரி 2ஆம் நாள் கிரனாடா வீழ்ந்தது. சரணடைந்தபோது எழுதப்பட்ட உடன்படிக்கை, முஸ்லிம்களின் தொழுகைக்கும் பள்ளிவாசல்களுக்கும் காழிமாரின் தீர்ப்புக்கும் பாதுகாப்பு அளித்திருந்தது. அந்த வாக்கு பத்தாண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1499இல் கிரனாடாவுக்கு வந்த பேராயர் சிஸ்நேரோஸ் கட்டாய ஞானஸ்நானத்தைத் தொடங்கி வைத்தார். அரபு நூல்கள் பொதுவிடத்தில் எரிக்கப்பட்டன. மருத்துவ நூல்கள் மட்டும் விலக்குப் பெற்றன. 1502இல் காஸ்டில் நாட்டு முஸ்லிம்கள் மதம் மாற வேண்டும் அல்லது வெளியேற வேண்டும் என்று ஆணை பிறந்தது. வெளியேறும் வழிகளோ திட்டமிட்டு அடைக்கப்பட்டிருந்தன. 1526க்குள் வலென்சியாவுக்கும் அரகோனுக்கும் அதே கதி நேர்ந்தது. இவ்வாறு பெயரளவில் கிறிஸ்தவர்களாக்கப்பட்ட மக்களையே வரலாறு மொரிஸ்கோக்கள் என்று அழைக்கிறது.

இவர்களுடைய நிலையைப் பற்றி மஃக்ரிபின் மாலிகி அறிஞர்கள் ஒரே கருத்தில் இருக்கவில்லை. ஃபாஸ் நகரில் வாழ்ந்த பேரறிஞர் அல்வன்ஷரீஸி, கிரனாடா வீழ்வதற்குச் சற்று முன்பே, கிறிஸ்தவ ஆட்சியின் கீழ் வாழும் முஸ்லிம்கள் ஹிஜ்ரத் செய்வது கட்டாயக் கடமை என்று தீர்ப்பளித்திருந்தார். அவரிடம் கேட்கப்பட்ட வினா கவனத்துக்குரியது. அந்தலூஸிலிருந்து மஃக்ரிபுக்குக் குடிபெயர்ந்த சிலர் பிழைக்க வழியில்லாமல், வந்ததற்காக வருந்திப் பேசினார்களாம். அவர்கள்மீது அவர் இரக்கம் காட்டவில்லை. மார்க்கத்தின் எல்லையைக் காக்க நினைத்த ஓர் அறிஞரின் கண்டிப்பு அது என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் சூரத்துன் நிஸா ஹிஜ்ரத் செய்யாதவர்களைக் கண்டிக்கும் இடத்திலேயே, வழி அறியாத பலவீனமான ஆண்களையும் பெண்களையும் சிறுவர்களையும் விலக்கி வைக்கிறது. கப்பல் கூலிக்கு வழியற்ற ஒரு விவசாயி எந்தப் பிரிவில் அடங்குவார்?

1504இல் மற்றொரு குரல் எழுந்தது. வஹ்ரானி என்று அறியப்பட்ட அஹ்மத் இப்னு அபீ ஜும்ஆ, ஸ்பெயினில் சிக்கிக்கொண்டவர்களுக்கு ஒரு ஃபத்வா எழுதி அனுப்பினார். நெருப்புக் கங்கைக் கையில் பிடித்திருப்பவரைப் போல மார்க்கத்தைப் பற்றியிருப்பவர்கள் என்றே அவர்களை விளித்தார். தொழுகையைச் சைகையாலேனும் நிறைவேற்றுங்கள். பகலில் இயலாவிட்டால் இரவில் நிறைவேற்றுங்கள். குளிப்புக் கடமையானால் கடலில் இறங்கி மூழ்குங்கள். தண்ணீருக்கும் மண்ணுக்கும் வழியில்லையெனில் சுவரில் கை தடவித் தயம்மும் செய்யுங்கள். ஸகாத்தை ஏழைக்கு அளிக்கும் அன்பளிப்பைப் போலக் கொடுங்கள். மது அருந்தக் கட்டாயப்படுத்தினால் விருப்பமின்றி அருந்துங்கள். பன்றி இறைச்சியை உண்ண வைத்தால், அது ஹராம் என்ற உறுதியை உள்ளத்தில் வைத்து வெறுத்தபடி உண்ணுங்கள். இவையே அந்த ஃபத்வாவின் சாரம்.

இதை வாசிக்கும் நம்மில் சிலருக்குத் தயக்கம் எழலாம். மார்க்கம் இத்தனை வளைந்து கொடுக்குமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் வஹ்ரானி எந்த ஹராமையும் ஹலால் ஆக்கவில்லை. நிர்ப்பந்தத்துக்கு ஆளானவரின் உள்ளம் ஈமானில் அமைதி கொண்டிருந்தால் அவர்மீது குற்றமில்லை என்ற குர்ஆனிய அடிப்படையை, ஒவ்வொரு நாளின் ஒவ்வொரு வேளைக்கும் பொருத்திக் காட்டினார். இரண்டு தீர்ப்புகளில் எது சரி என்று சட்டம் கற்றவர்கள் வாதிடட்டும். ஸ்பெயினின் முஸ்லிம்கள் எதைப் பொத்திப் பாதுகாத்தார்கள் என்பது தெளிவு. வஹ்ரானியின் ஃபத்வாவைத் தம் மொழியில் பெயர்த்துப் பல பத்தாண்டுகளுக்குப் பின்னரும் படியெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிவாசல் தேவாலயமாகிவிட்டது, மத்ரஸா இல்லை. மார்க்கத்துக்கு மிஞ்சிய இடம் வீடு ஒன்றுதான். தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிய குழந்தையின் தலையில் பூசப்பட்ட எண்ணெயை வீட்டில் கழுவி எடுத்தார்கள். ஏழாம் நாள் ‘ஃபதாஸ்’ என்னும் சடங்கில் குழந்தைக்கு முஸ்லிம் பெயர் சூட்டினார்கள். விசாரணை மன்றங்கள் எவற்றையெல்லாம் குற்றத்தின் அடையாளமாகக் கொண்டன என்று பார்த்தால் அந்த வீடுகளின் வாழ்வு நமக்குப் புலப்படும்: வெள்ளிக்கிழமை தூய ஆடை அணிவது, பகல் முழுதும் உண்ணாமல் இரவில் உண்பது, கைகால் கழுவுவது, மருதாணி இடுவது. விசாரணைக்கு இழுக்கப்பட்டவர்களில் பெண்கள் பலர். பிள்ளைகளுக்குச் சூராக்களையும் தொழுகையையும் கற்றுக் கொடுத்தவர்கள் தாய்மாரும் பாட்டிமாரும் அல்லவா?

அரேவலோ ஊரைச் சேர்ந்த ஓர் இளைஞர் ரகசியமாகப் பயணம் செய்து, மார்க்கம் அறிந்த முதியவர்களைத் தேடிச் சென்று தாம் கேட்டவற்றை எழுதி வைத்தார். அவர் கிரனாடாவில் சந்தித்தவர்களுள் உபெதா ஊர்க்காரப் பெண்மணி ஒருவர் உண்டு. வயது 90ஐக் கடந்தவர். போரில் உறவினரை இழந்து தனித்திருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாத அவர் திருக்குர்ஆனுக்கு அளித்த விளக்கத்தைக் கேட்டு அந்த இளைஞர் வியந்து நின்றார்.

அரபு மொழி தேய்ந்து வந்த அரகோன், காஸ்டில் பகுதிகளில் நூல்கள் தாய்மொழியிலேயே எழுதப்பட்டன. எழுத்தை மட்டும் அவர்கள் விட்டுவிடவில்லை. அரபு எழுத்தில் ‘ப’ என்ற வல்லோசைக்கு வடிவம் இல்லை. ‘பா’ எழுத்தின்மீது ஷத்து இட்டு அதைக் குறித்தார்கள். ‘ச’கர வல்லோசைக்கு ஜீமின்மீது ஷத்து. நமக்கு இது புதிதன்று. தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து அரபுத் தமிழை உருவாக்கிய நம் முன்னோர் இதே சிக்கலை இதே வழியில்தான் தீர்த்தார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அத்தகைய கிதாபுகளைப் பாட்டிமார் வெளிச்சத்தில் அமர்ந்து ஓதினார்கள். அங்கோ கதவைத் தாழிட்டு ஓத வேண்டியிருந்தது. தாழிடவும் தடை வந்தது.

1567இல் வெளியான அரச ஆணை, கிரனாடாவில் அரபு பேசுவதையும் எழுதுவதையும் மூன்றாண்டுகளுக்குள் ஒழிக்கச் சொன்னது. பெண்களின் முகத்திரையையும் குளியல் இல்லங்களையும் தடுத்தது. வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக் கதவுகளைத் திறந்தே வைக்கப் பணித்தது. மொரிஸ்கோ மூத்தவர் பிரான்சிஸ்கோ நூனியெஸ் முலே அதை எதிர்த்து விண்ணப்பம் எழுதினார். ஆடையும் மொழியும் மதமல்ல, கிழக்கத்திய கிறிஸ்தவர்களும் அரபுதான் பேசுகிறார்கள் என்று வாதாடினார். எவரும் செவிசாய்க்கவில்லை. 1568இன் இறுதியில் மலைப்பகுதியில் கிளர்ச்சி வெடித்து 1571 வரை நீடித்தது. அடக்கப்பட்ட பின் கிரனாடாவின் மொரிஸ்கோக்கள் நாடெங்கும் சிதறடிக்கப்பட்டனர். 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 300,000 பேர் ஸ்பெயினைவிட்டே துரத்தப்பட்டார்கள். பல இடங்களில் சின்னஞ்சிறு குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து நிறுத்திக்கொண்டார்கள்.

கரையேறிய சில இடங்களில் அவர்கள் கொள்ளையடிக்கப்பட்டார்கள். அவர்களுடைய மொழியையும் உடையையும் கண்டு ஐயுற்றவர்களும் உண்டு. துனிஸ் அவர்களை நன்கு வரவேற்றது. ஆட்சியாளர் உஸ்மான் தாய் குடியிருக்க நிலம் தந்தார். அங்கே பாங்கோசை தடையின்றி ஒலித்தது, ஜுமுஆவுக்கு எவரும் அஞ்சிச் செல்ல வேண்டியதில்லை. ஆனால் வந்தவர்களில் பலருக்கு அரபு தெரியவில்லை. எனவே அவர்களுக்குள் கற்றறிந்தவர்கள் வுளூவையும் தொழுகையையும் அகீதாவையும் கற்பிக்க, எந்த நாடு தங்களைத் துரத்தியதோ அதன் மொழியிலேயே நூல்கள் எழுதினார்கள். இம்முறை எழுத்தும் லத்தீன் எழுத்தாகவே இருந்தது. மறைத்து எழுத வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லாமல் போயிருந்தது.