ஐந்து ஷில்லிங்

கணக்கு என்றால் எனக்குச் சிறு வயது முதலே பயம். கதை எழுத வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆயினும் என்னைக் கண்கலங்க வைத்த புத்தகங்களில் ஒன்று, பெரும்பாலும் வீட்டுச் செலவுக் கணக்கு. ‘வாரம் ஒரு பவுன் சுமாருக்கு’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 1913-ல் லண்டனில் வெளிவந்தது. எழுதியவர் மாட் பெம்பர் ரீவ்ஸ் அம்மையார். நியூஜிலாந்தில் பெண்களின் ஓட்டுரிமைக்காக உழைத்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்தவர்.

அந்நாளில் லண்டன் ஏழைகளின் குழந்தைகள் கொத்துக் கொத்தாக மடிந்தன. ‘தாய்மாருக்குச் சிக்கனம் தெரியவில்லை; சமைக்கத் தெரியவில்லை’ என்று வசதியுள்ளவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். ரீவ்ஸ் அம்மையாரும் ஃபேபியன் சங்கத்துப் பெண்களும் வாதாடிக் கொண்டிருக்கவில்லை. 1909 முதல் நான்கு ஆண்டுகள் லாம்பெத் என்ற பகுதியில் வீடு வீடாகப் போனார்கள். பிரசவத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை, தாயின் போஷாக்குக்காக வாரம் ஐந்து ஷில்லிங். பதிலுக்கு அவள் வாரச் செலவை எழுதி வைக்க வேண்டும். எழுதத் தெரியாதவளுக்குக் கணவனோ மூத்த பிள்ளையோ எழுதிக் கொடுத்தார்கள்.

இவர்கள் பிச்சைக்காரர்கள் அல்ல. ஒழுங்காக வேலைக்குப் போகும் கூலிக்காரர்களின் மனைவிமார். வாரச் சம்பளம் 18 முதல் 30 ஷில்லிங். 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுன். வாடகைக்கே பெரும்பாலும் ஏழெட்டு ஷில்லிங் போய்விடும். மலிவான இடத்துக்குப் போகலாமே என்றால், அது வெளிச்சமில்லாத, ஈரம் கசியும் கீழ்த்தள அறை, குழந்தைக்கு ஆகாது. பணக்காரர் நிலக்கரியை டன் கணக்கில் வாங்குவார். இவள் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதால், அதே கரிக்கு அதிக விலை கொடுப்பாள். இறைச்சி சம்பாதிக்கிறவனுக்கு, பிள்ளைகளுக்கு ரொட்டி.

‘ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கக் கூடாதா?’ என்று கேட்ட சீமாட்டிகளுக்கும் கணக்கு பதில் சொல்லிவிட்டது. கஞ்சி நெடுநேரம் கொதிக்க வேண்டும், எரிபொருள் ஏது? உள்ள ஒரே பழைய பாத்திரத்தில் அடிப்பிடிக்கும். பாலும் சர்க்கரையும் இல்லாத கஞ்சியைக் குழந்தை துப்பிவிடும்.

நானே இடறி விழுந்த இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு குழந்தையின் பேரிலும் வாரம் ஒரு பென்னி, ஈமச் செலவுக்கான இன்ஷூரன்ஸ். ‘அடடா, இந்தக் காசுக்குப் பால் வாங்கியிருக்கலாமே!’ என்று சீமாட்டிகளைப் போலவே நானும் நினைத்தேன். அடுத்த பக்கங்கள் என்னை வெட்கப்பட வைத்தன. இன்ஷூரன்ஸ் இல்லாத வீட்டில் குழந்தை இறந்தால், கடன் வாங்கிப் புதைக்க வேண்டும்; இல்லாவிட்டால் தர்மக் குழிதான். தன் குழந்தை அநாதைப் பிணமாகப் போவதை எந்தத் தாய் சகிப்பாள்?

குழந்தைகளைக் காக்கும் பொறுப்பில் சர்க்காருக்கும் பங்கு வேண்டும் என்று எழுதினார் ரீவ்ஸ். பின்னால் எலினார் ராத்போன் என்ற பார்லிமெண்ட் உறுப்பினர் அதற்காகவே பல வருஷம் போராடினார். 1945-ல் மசோதா வந்தபோது பணத்தைத் தகப்பனிடம் கொடுப்பதாக இருந்தது. விடாமல் வாதாடித் தாயின் கைக்கு மாற்றினார். 1946 ஆகஸ்டில் பட்டுவாடா தொடங்கியது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, ஜனவரியில், அவர் காலமாகிவிட்டார். ரீவ்ஸ் அம்மையார் 1953 வரை இருந்தார்.

இரண்டாவது குழந்தை முதல், ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுத்த தொகை வாரம் ஐந்து ஷில்லிங். லாம்பெத்தில் கொடுத்த அதே ஐந்து ஷில்லிங்தான். இதற்குள் விலைவாசி எவ்வளவோ ஏறியிருந்தது.